ஒன்பது பேருக்கு ஒரு குறிப்பேடு: லிங்க் போய்ச் சேருகிறது, எழுதியது ஏன் போய்ச் சேரவில்லை?

கேள்வி சுருக்கமாக இது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் கே-டெட் என்ற கேரள ஆசிரியர் தகுதித் தேர்வுக்குத் தயாராகும் ஒன்பது பேர், கடைகளில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் மலையாளத்தில் இருப்பதால், தாங்களே தமிழில் குறிப்பு எழுதிக்கொள்ள மைக்ரோசாஃப்ட்டின் குறிப்பெழுதும் செயலியான ஒன்நோட்டில் ஒரு பொதுக் குறிப்பேடு தொடங்கியிருக்கிறார்கள். ஆறு பேர் சித்தூர் தாலுகாவிலும் மூன்று பேர் எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சிப் பக்கத்திலும் இருக்கிறார்கள். லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் சிலருக்கு அனுமதி இல்லை என்று வருகிறது. இருவருக்குப் போன வாரத்துப் பக்கங்களே தெரிகின்றன. ஒருவரால் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை. ஒரு பக்கம் தானாகவே இரண்டாகிவிட்டது. ஒருவர் தட்டச்சு செய்து ஒட்டிய பாடம் மற்றவர்களின் போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது. இது நெட் கோளாறா, எல்லோரும் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. யாரும் செயலியை நீக்க வேண்டாம், செயலியின் தரவை அழிக்கவும் வேண்டாம். ஒன்நோட்டில் நீங்கள் எழுதுவது முதலில் உங்கள் போனிலோ கணினியிலோ உள்ள தற்காலிகப் படியில்தான் பதிகிறது. அங்கிருந்து பிறகுதான் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்குப் போகிறது. போய்ச் சேராத பக்கங்கள் அந்தப் படியில் மட்டுமே இருக்கும். செயலியை நீக்கினால் அவையும் அதோடு போய்விடும், மீட்க வழியில்லை. பழைய பக்கங்களே தெரிகிற அந்த இருவரும், தாங்கள் கடைசியாக எழுதியவற்றை முதலில் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்கட்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

நீங்கள் ஒரே கோளாறு என்று நினைப்பது உண்மையில் ஐந்து வெவ்வேறு கோளாறுகள். ஒவ்வொன்றாகப் பார்க்கும் முன் ஓர் அடிப்படை: ஒன்நோட் குறிப்பேடு என்பது வேர்டு கோப்பைப் போல ஒற்றைக் கோப்பு அல்ல. அது ஓர் உறை (ஃபோல்டர்). அதற்குள் ஒவ்வொரு பிரிவும் தனித்தனிக் கோப்பு. எந்தப் பிரிவு எந்த வரிசையில் என்பதைச் சொல்ல அட்டவணைக் கோப்பு ஒன்று வேறு. இந்த உறையைச் செயலி வழியாக ஒன்டிரைவுக்கு நகர்த்தினால்தான் அது குறிப்பேடாக அங்கே போய் அமர்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மடிக்கணினியின் ஆவணங்கள் உறையில் தொடங்கிய குறிப்பேட்டை அப்படியே மவுசால் இழுத்து ஒன்டிரைவ் உறைக்குள் போட்டிருக்கிறீர்கள். அப்படிப் போட்டால் அங்கே போய்ச் சேருவது பிரிவுக் கோப்புகளின் குவியல். அதைப் பலர் சேர்ந்து எழுதும் குறிப்பேடாக ஒன்நோட் நடத்தாது. சரியான வழி, மடிக்கணினியில் பழைய இடத்தில் இருக்கும் குறிப்பேட்டை ஒன்நோட்டிலேயே திறந்து, கோப்புப் பட்டியலில் பகிர்வதற்கான இடத்துக்குப் போய், அது கேட்கும்போது ஒன்டிரைவைத் தேர்ந்தெடுப்பது. நகர்ந்து முடிந்தபின் கணினியின் ஒன்டிரைவ் உறையில் குறிப்பேடு ஒரு சிறு குறுக்குவழியாக மட்டும் தெரியும். குறிப்புகள் எல்லாம் எங்கே என்று பதற வேண்டாம், அப்படித் தெரிவதுதான் சரி.

அடுத்தது லிங்க். குழுவில் போட்ட லிங்க்கை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது முக்கியம். உலாவியில் குறிப்பேடு திறந்திருக்கும்போது மேலே முகவரிப் பட்டையில் தெரிவதை நகலெடுத்து அனுப்புவது மிகப் பரவலான தவறு. அது உங்கள் கணக்குக்குள் நீங்கள் நிற்கும் இடத்தின் முகவரி, அடுத்தவருக்கு அனுமதி தரும் லிங்க் அல்ல. பகிர்வுப் பொத்தானை அழுத்தி, திருத்தலாம் என்ற அனுமதியோடு உருவாக்கிய லிங்க் மட்டுமே குழுவுக்குப் போக வேண்டும். பார்க்க மட்டும் என்ற அனுமதியில் ஏற்கெனவே ஒரு லிங்க் உருவாக்கியிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். இரண்டு லிங்க்குகள் ஒரே வாட்ஸ்அப் குழுவில் கிடந்தால் யார் எதைத் தொட்டார் என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

லிங்க் சரியாக இருந்தும் அனுமதி இல்லை என்று வந்தால், அநேகமாகக் கணக்குதான் மாறியிருக்கும். குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் விளைகிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் பலரிடம் இரண்டு சிம் இருக்கிறது, அதற்கேற்ப இரண்டு மூன்று ஜிமெயில் முகவரிகளும் இருக்கின்றன. இதுபோக ஆசிரியர் பயிற்சி நிறுவனம் கொடுத்த முகவரி ஒன்று. ஒன்நோட்டுக்கு வேண்டியது மைக்ரோசாஃப்ட் கணக்கு. ஜிமெயில் முகவரியை வைத்தே அந்தக் கணக்கைத் தொடங்கலாம் என்பதால், கூகுள் கணக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் ஒன்றுதான் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிடுகிறது. முகவரி ஒன்றாக இருந்தாலும் கணக்குகள் இரண்டு, கடவுச்சொற்களும் இரண்டு. நீங்கள் ஒருவரை ஒரு முகவரிக்கு அழைத்திருப்பீர்கள். அவர் போனில் ஒன்நோட் வேறொரு முகவரியில் உள்நுழைந்திருக்கும். வாட்ஸ்அப்பில் லிங்க்கைத் தொட்டதும் திறக்கும் உலாவியோ எதிலுமே உள்நுழைந்திருக்காது. லிங்க்கைத் தொட்டவருக்குத் தெரிவது பூட்டிய கதவு மட்டும்தான். ஆகவே ஒரு தாளில் ஒன்பது பெயர்களையும் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரே ஒரு முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த முகவரிக்குத்தான் அழைப்பு; அதே முகவரியில்தான் போனிலும் கணினியிலும் உள்நுழைவு. முதல்முறை லிங்க்கை உலாவியில் திறந்து, அங்கிருந்து செயலியில் திறக்கச் சொல்ல வேண்டும். ஒருமுறை அப்படித் திறந்துவிட்டால் அடுத்த நாள் செயலியின் பட்டியலிலேயே குறிப்பேடு இருக்கும், லிங்க்கைத் தேடி வாட்ஸ்அப்பில் மேலே மேலே போக வேண்டியதில்லை.

நிறுவனம் கொடுத்த முகவரியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். பல நிறுவனங்களின் கணக்குகளில் வெளியாருடன் பகிர்வதை நிர்வாகியே தடுத்து வைத்திருப்பார். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று என் அனுபவத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஐந்தாறு தமிழ் ஆசிரியர்கள் சேர்ந்து, நான்காம் வகுப்புச் சூழ்நிலையியல் பாடத்துக்குப் பயிற்சித் தாள்களை ஒரு குறிப்பேட்டில் தொகுத்துவந்தோம். அதைத் தொடங்கியவர் தாம் வேலைபார்த்த ஒரு நிறுவனத்தின் கணக்கில் தொடங்கியிருந்தார். அவர் அங்கிருந்து விலகியதும் கணக்கு மூடப்பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் ஐந்து பேருடைய போனிலும் ஒரே நேரத்தில் அந்தக் குறிப்பேட்டுக்கு எதிரே தவறுக்குறி விழுந்தது. ஒருவருடைய மடிக்கணினியில் பழைய படி ஒன்று இருந்ததால் பாதி தப்பியது. குறிப்பேடு குழுவுக்குச் சொந்தம் என்று நாம் வாயால் சொல்லிக்கொள்ளலாம். கணினிக் கணக்குப்படி அது ஒரே ஒருவருடையது. தனிநபர் ஒன்டிரைவில் உரிமையை இன்னொருவர் பெயருக்கு மாற்றித்தரும் வசதியும் கிடையாது. எனவே தேர்வு முடியும்வரை குழுவில் கட்டாயம் இருக்கப்போகிறவர் யாரோ, அவருடைய சொந்தக் கணக்கில் குறிப்பேடு இருக்கட்டும். மாதம் ஒருமுறை கணினி ஒன்நோட்டின் ஏற்றுமதி வசதியைப் பயன்படுத்தி முழுக் குறிப்பேட்டையும் ஒரே பொதியாகச் சேமித்து, இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள்.

இனி, போன வாரத்துப் பக்கங்களே தெரியும் இருவர். அவர்கள் வேலந்தாவளத்திலும் மீனாட்சிபுரத்திலும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததுமே எனக்கு ஐயம் வந்தது. நம் எல்லையோரத்தில் கேரள சிம் போட்ட போன், வீட்டின் கிழக்குச் சன்னல் பக்கம் வந்தால் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அழைப்பு தடையின்றிப் போகும், வரும். ஆனால் போனின் அமைப்புகளில் டேட்டா ரோமிங் அணைக்கப்பட்டிருந்தால், சில போன்களில் அந்த நேரத்தில் இணையம் மட்டும் நின்றுவிடும். ரோமிங் என்றாலே காசு போய்விடும் என்று நம் பெரியவர்கள் ஒரு காலத்தில் அணைத்துவைத்த அமைப்பு, போன் மாறினாலும் பழக்கமாகத் தொடர்கிறது. ஒன்நோட்டோ இணையம் இல்லை என்று கூச்சல் போடாது. எழுத விடும், கையிலிருக்கும் படியில் பதிந்துகொண்டே இருக்கும். எழுதுகிறவர் எல்லாம் போய்ச் சேருகிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். அமைப்புகளில் டேட்டா ரோமிங்கை இயக்கச் சொல்லுங்கள். உள்நாட்டுக்குள் போகும் டேட்டா அவர்கள் போட்டிருக்கும் திட்டத்திலிருந்தே கழிகிறதா என்பதை மட்டும் திட்டத்தின் விவரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். பிறகு வீட்டு வைஃபையிலோ நல்ல சிக்னல் உள்ள இடத்திலோ செயலியைத் திறந்தபடி வைத்து, குறிப்பேட்டுப் பட்டியலை விரலால் கீழே இழுத்து ஒத்திசைக்க, அதாவது போனிலுள்ள படியையும் ஒன்டிரைவில் உள்ளதையும் ஒன்றாக்க வேண்டும். கணினியில் என்றால் எஃப்9 விசை எல்லாக் குறிப்பேடுகளையும், ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் திறந்திருக்கும் குறிப்பேட்டை மட்டும் ஒத்திசைக்கும். செயலியைத் திறந்து ஒரு வரி எழுதி உடனே மூடிவிடுகிற பழக்கமும் இதே கோளாறை உண்டாக்கும், ஏனெனில் பல போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன.

நெட் நன்றாக இருந்தும் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒத்திசைவு நின்றால், உரிமையாளரின் இடம் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். இலவச ஒன்டிரைவில் இருப்பது 5 ஜிபி. குறிப்பேட்டில் யார் என்ன சேர்த்தாலும் அது உரிமையாளரின் 5 ஜிபியில்தான் கழியும். பாடப்புத்தகப் பக்கங்களைப் போன் கேமராவில் எடுத்து அப்படியே ஒட்டினால் ஒவ்வொன்றும் சில எம்பி வரும். விண்டோஸ் உங்கள் மடிக்கணினியின் படங்கள், ஆவணங்கள், முகப்புத்திரை ஆகியவற்றையும் ஒன்டிரைவில் காப்புப்படி எடுக்கட்டுமா என்று கேட்டு, நீங்கள் சரி என்று ஒரு நாள் தட்டியிருந்தால், கல்யாண ஆல்பமே அந்த இடத்தைத் தின்றிருக்கும். அந்தக் காப்பு வசதியை நிறுத்திவிடுங்கள். புத்தகப் பக்கங்களைப் படமாக ஒட்டாமல், கேரளப் பாடநூல்களைத் தயாரிக்கும் எஸ்சிஇஆர்டி வெளியிட்டிருக்கும் தமிழ்வழிப் பாடநூல் பிடிஎஃப்பின் பக்க எண்ணை மட்டும் குறிப்பில் எழுதினால் போதும்.

படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்கிறவர் விண்டோஸ் 10 மடிக்கணினி வைத்திருக்கிறார் என்றால், விடை அநேகமாக அங்கேயே இருக்கிறது. ஒன்நோட் என்ற பெயரில் இரண்டு செயலிகள் உண்டு. விண்டோஸ் 10 உடன் வந்த செயலிக்கு மைக்ரோசாஃப்ட் 14 அக்டோபர் 2025 அன்று ஆதரவை முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அதில் படிக்கலாம், திருத்த முடியாது. மற்றொன்றான சாதாரண ஒன்நோட் இலவசமாகவே கிடைக்கிறது. அவர் அதை நிறுவி, தாளில் குறித்த அதே முகவரியில் உள்நுழைந்தால் எழுதலாம். பழைய செயலியில் ஒத்திசையாத பக்கங்கள் ஏதேனும் இருந்தால் நகலெடுத்த பிறகே அதை விட வேண்டும்.

பக்கம் இரண்டானது கோளாறே அல்ல. ஒன்நோட் உங்கள் எழுத்தைக் காப்பாற்றிய விதம் அது. இருவர் ஒரே பக்கத்தில் வெவ்வேறு பத்திகளில் எழுதினால் செயலி தானாகவே இணைத்துவிடும். ஒரே பத்தியை இருவரும், அதிலும் ஒருவர் நெட் இல்லாமல், திருத்தியிருந்தால் எது சரி என்று அதனால் முடிவுசெய்ய முடியாது. அப்போது முரண்பட்ட படியைத் தனிப் பக்கமாக வைத்து, மேலே மஞ்சள் பட்டையில் அறிவிக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து, வேண்டிய வரிகளை முதன்மைப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, முரண்பட்ட பக்கத்தை நீக்கிவிடலாம். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் பிரிவையே இன்னொருவர் நீக்கிவிட்டாலோ வேறிடத்துக்கு மாற்றிவிட்டாலோ, போய்ச் சேராத எழுத்து கணினி ஒன்நோட்டில் இடம் தவறிய பிரிவுகள் என்ற தனி இடத்தில் கிடக்கும். காணாமல் போனதாக நினைக்கும் பக்கத்தை அங்கேயும், குறிப்பேட்டின் மறுசுழற்சித் தொட்டியிலும் தேடுங்கள். நீக்கிய பக்கங்கள் அந்தத் தொட்டியில் 60 நாள் இருக்கும்.

இந்த முரண்பாட்டைத் தவிர்க்க ஒரு பங்கீடு உங்கள் தேர்விலேயே இருக்கிறது. முதல் வகைத் தேர்வில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், கணிதம், சூழ்நிலையியல், முதல்மொழி, இரண்டாம் மொழி என்று ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 30 மதிப்பெண். குறிப்பேட்டிலும் அதே ஐந்து பிரிவுகள் போதும். ஒவ்வொரு பிரிவுக்கும் இருவர் பொறுப்பு; ஒன்பது பேர் என்பதால் ஒரு பிரிவுக்கு ஒருவர் மட்டும் வருவார், அதில் குறையில்லை. மற்றவர்கள் அந்தப் பிரிவில் திருத்தாமல், பக்கத்தின் அடியில் தம் பெயரிட்டுத் தனிப் பத்தியாக எழுதட்டும். இதைச் செயலியே கட்டாயப்படுத்துமா என்றால், சாதாரணக் குறிப்பேட்டில் முடியாது; அனுமதி முழுக் குறிப்பேட்டுக்கும் ஒன்றுதான், பிரிவுக்குப் பிரிவு தனி அனுமதி கிடையாது. வகுப்புக் குறிப்பேடு என்ற வடிவத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி இடம் ஒதுக்கலாம், ஆனால் அதற்குப் பள்ளிக் கணக்கு வேண்டும். பிரிவுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டலாமே என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம். பூட்டிய பிரிவு தேடலில் வராது, கடவுச்சொல் மறந்தால் மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்துதர முடியாது.

ஆங்கில எழுத்துக் குவியலுக்கும் இணையத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதைத் தட்டச்சு செய்தவர் டிடிபி கடைப் பழக்கத்தில் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்தியிருக்கிறார். வரிக்கு வரி அரைப்புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அந்த அரைப்புள்ளி விசைதான். பாமினி, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது. போர்வை அவர் கணினியில் இருக்கிறது, உங்கள் போனில் இல்லை. அவருடைய பழைய கோப்புகளை, எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோலத் தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றும் ஒரு மாற்றியில் இட்டு, மாற்றிய பிறகே ஒட்டச் சொல்லுங்கள். இனி எழுதுவதை விண்டோஸில் உள்ள யூனிகோடு தமிழ் விசைப்பலகையில் எழுதட்டும். அவர் பாமினியிலேயே தொடர்ந்தால் அவருக்கு மட்டும் அழகாகத் தெரியும். மற்ற எட்டுப் பேர் குறிப்பேட்டில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் அவருடைய பக்கங்கள் ஒன்றுகூட வராது. மலையாளச் சுற்றறிக்கைகளிலிருந்து வெட்டி ஒட்டும்போதும் இதே கவனம் வேண்டும்: பழைய எம்எல்-டிடி எழுத்துருக்களில் வந்தவை இதே போலச் சிதையும். மலையாளத்தில் உயிர் சேராமல் தனி வடிவில் எழுதும் மெய்களான சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு 2008இல் யூனிகோடு 5.1இல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய முறையில் தட்டச்சான சொற்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் தேடலில் சிக்காமல் போகலாம்.

இவ்வளவு தொல்லைக்கு ஒன்நோட்டே வேண்டுமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கணிதப் படிகளைக் கையால் எழுதுவதும், படம் வரைவதும், ஒரு பக்கத்தில் நினைத்த இடத்தில் குறிப்பு வைப்பதும் உங்களுக்கு முக்கியம் என்றால் ஒன்நோட்டுக்கு ஈடு குறைவு. தட்டச்சு செய்த குறிப்பு மட்டும்தான் என்றால் கூகுள் டாக்ஸ் உங்களுக்கு எளிது: எல்லோரிடமும் ஜிமெயில் ஏற்கெனவே இருக்கிறது, இலவச இடம் 15 ஜிபி, ஒரே ஆவணத்தை 100 கருவிகள் வரை ஒரே நேரத்தில் திருத்தலாம், யார் எதை மாற்றினார் என்ற வரலாறும் கிடைக்கும். நெட் இல்லாத நேரத்தில் எழுத வேண்டுமென்றால் அந்த ஆவணத்தை முன்கூட்டியே போனில் ஆஃப்லைனில் வைத்திருக்க வேண்டும். உங்கள் ஊர்களுக்கு இது சிறிய குறை அல்ல. கூகுள் கீப்பை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதில் குறிப்பை ஒவ்வொன்றாகத்தான் பகிரலாம், தொகுப்பாகப் பகிர முடியாது. நீங்கள் போட்ட லேபிளும் மற்றவருக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால் ஒன்நோட்டிலேயே தொடருங்கள், ஆனால் இப்போதுள்ள குறிப்பேட்டை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள். ஒன்பது பேரும் தங்கள் கையிலுள்ள புதிய பக்கங்களை உங்களுக்கு அனுப்பட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியில் அமர்ந்து, செயலிக்குள்ளிருந்தே ஒன்டிரைவில் புதிய குறிப்பேடு ஒன்றை ஐந்து பிரிவுகளோடு தொடங்கி, பக்கங்களை அதில் சேருங்கள். தாளில் உள்ள முகவரிகளுக்கு மட்டும் அழைப்பு அனுப்பி, ஒவ்வொருவரும் தம் பெயரை முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒன்பது வரிகளும் உங்கள் திரையில் வந்து நின்ற பிறகு பழைய குறிப்பேட்டின் பகிர்வை நிறுத்துங்கள், வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும் பழைய லிங்க்கையும் நீக்கிவிடுங்கள். யாருடைய வரி வரவில்லையோ, அவருடைய போனில் எந்த முகவரி உள்நுழைந்திருக்கிறது, குறிப்பேட்டின் பெயருக்கு எதிரே என்ன குறி தெரிகிறது என்ற இரண்டையும் எழுதுங்கள். அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.